கொழுகொழு குட்டி: அழகா, ஆபத்தா?

வளரும் நாய்க்குட்டியின் எடை சரியாக இருக்கிறதா? தராசு பாதி பதில்தான் சொல்லும். மீதியை விரல்கள் சொல்லும்.

பெங்களூருவின் அடுகோடியில் பிராணிகளின் சாப்பாடு என்பது அரசாங்க விவகாரம். ஓசூர் சாலையில் தேசிய விலங்கு ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிலையம் இருக்கிறது. ஆடு மாடுகள் எதைத் தின்றால் எப்படி வளரும் என்று ஆராய்வதற்காக 1995-இல் தொடங்கப்பட்டது. அதே வட்டாரத்தில் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சிக் கழகத்தின் தென்மண்டல நிலையமும் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் அது இம்பீரியல் கழகமாக இருந்தபோது, 1927-இல், உடம்பு தேறுவதற்காக பெங்களூரு வந்திருந்த காந்தி பசு வளர்ப்பைக் கற்றுக்கொள்ள அங்கே போனார். வருகைப் பதிவேட்டில் தன்னை சபர்மதியைச் சேர்ந்த விவசாயி என்று குறிப்பிட்டார்.

அடுகோடியின் நகர ஆயுதப்படை வளாகத்தில் இன்னொரு முக்கியமான குடும்பமும் வசிக்கிறது. பெங்களூரு போலீசின் மோப்ப நாய்ப் பிரிவு. வெடிகுண்டு மிரட்டலோ கொலையோ கஞ்சா வேட்டையோ, நகரத்தில் எது நடந்தாலும் இங்கிருந்துதான் வண்டி கிளம்புகிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், பெல்ஜியன் மாலினுவா என்று பல ஜாதிகள் இந்தப் பிரிவில் பணியாற்றியிருக்கின்றன.

இப்படிப்பட்ட லாப்ரடார் ஒன்றையும், கூப்பிடு தூரத்தில் கோரமங்களா அடுக்குமாடி வீட்டில் வளரும் லாப்ரடார் ஒன்றையும் அருகருகே நிறுத்தினால் இரண்டும் ஒரே ஜாதியா என்று சந்தேகம் வரும். முன்னதற்கு இடுப்பு ஒடுங்கி, வயிறு பின்னோக்கி ஏறியிருக்கும். பின்னது பெரும்பாலும் நாலு கால் முளைத்த தலையணை. வீட்டுக்கு வருகிற விருந்தாளி முதல் நாயைப் பார்த்தால் "பாவம், சரியா சாப்பாடு போடறதில்லையா?" என்பார். இரண்டாவதைப் பார்த்து "நல்லா வளர்த்திருக்கீங்க" என்று பாராட்டுவார். இரண்டுமே தப்பான தீர்ப்பு.

பெரிய நாயின் எடை கூடினால் குறைக்க வழியுண்டு. குட்டியின் கதை வேறு. அதன் எலும்பும் மூட்டும் இன்னும் முற்றாத பருவத்தில் உடம்பு கனத்தால், அந்தப் பாரம் மூட்டின் அமைப்பையே மாற்றிவிடும். அந்தச் சேதத்தைப் பிற்காலப் பட்டினியால் சரிசெய்ய முடியாது. வேலி தாண்டி, வண்டியிலிருந்து குதித்து, மாடிப்படிகளில் ஓட வேண்டிய போலீஸ் நாய்க்கு இடுப்பு போனால் உத்தியோகமே போச்சு. வீட்டு நாய்க்கு ஓய்வூதியம் மட்டும்தான் மிச்சம், வலியோடு.

48 குட்டிகளின் சாட்சியம்

இதற்கு ஆணித்தரமான ஆதாரம் அமெரிக்காவில் கிடைத்தது. பியூரினா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 48 லாப்ரடார் குட்டிகளை 24 ஜோடிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். எட்டு வார வயதிலிருந்தே ஜோடியில் ஒன்றுக்கு அதன் உடன்பிறப்பு தின்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு தரப்பட்டது. உணவு ஒன்றேதான், அளவில் மட்டுமே வித்தியாசம். ஆயுள் முழுவதும் இந்தச் சோதனை நடந்தது.

2002-இல் வெளியான முடிவு யோசிக்க வைத்தது. குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள். நிறையத் தின்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். ஏறத்தாழ இரண்டாண்டு வித்தியாசம். மூட்டுத் தேய்மானம் ஒல்லியான நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது. இடுப்பு மூட்டுக் கோளாறும் இரண்டு வயதுக்குள்ளேயே கொழுத்த நாய்களிடம்தான் அதிகமாகத் தென்பட்டது. நாய்த் தீவனம் விற்கும் கம்பெனியே 'கொஞ்சமாகப் போடுங்கள்' என்று நிரூபித்ததை வியாபார உலகின் அபூர்வங்களில் ஒன்றாகச் சொல்லலாம்.

எத்தனை கிலோ சரி?

குட்டி வாங்கியவர்கள் கால்நடை மருத்துவரிடம் முதலில் கேட்பது இதைத்தான். "மூணு மாசத்துக்கு எத்தனை கிலோ இருக்கணும் டாக்டர்?" நேரான பதில் கிடையாது. நன்கு வளர்ந்த பெண் லாப்ரடார் 25 கிலோவிலும் ஆண் 36 கிலோவிலும் ஆரோக்கியமாக இருக்க முடியும். அப்படியிருக்க, அவற்றின் குட்டிகளுக்கு ஒரே எண்ணை எப்படி விதிப்பது? தெருவில் எடுத்து வளர்க்கும் குட்டிக்கோ தாய் தெரியும், தகப்பன் தெரியாது. பாதம் பெரிதாக இருந்தால் நாய் பெரிதாக வளரும் என்கிற நம்பிக்கை ஓரளவு ஊகத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

எண்ணைவிட முக்கியம் போக்கு. வாரம் ஒரு முறை, ஒரே நாளில், சாப்பாட்டுக்கு முன் எடை பார்த்து நோட்டில் குறித்து வைக்க வேண்டும். குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடைமெஷினில் ஏறி, அப்புறம் தனியாக ஏறி, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் போதும். சிறு இனங்கள் சுமார் நான்கு மாதத்திலும், பெரிய இனங்கள் ஐந்து மாத வாக்கிலும் தங்கள் முழு எடையில் பாதியை எட்டிவிடும். அதன் பிறகு வேகம் குறையும். சிறு இனங்களின் வளர்ச்சி ஒரு வயதுக்குள் முடிந்துவிடும். பெரிய இனங்களுக்கு ஒன்றேகால், ஒன்றரை வயதுகூட ஆகும்.

குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் வளர்ச்சி அட்டை இருப்பதைப் போல நாய்க்குட்டிகளுக்கும் வரைபடங்கள் வந்துவிட்டன. பிரிட்டனின் வால்தம் ஆராய்ச்சி மையம் 2017-இல் வெளியிட்டது பிரபலம். குட்டியின் எடை எந்தக் கோட்டில் இருக்கிறது என்பது பெரிய விஷயமல்ல. அந்தக் கோட்டை ஒட்டியே வளர்கிறதா என்பதுதான் கேள்வி. கோடு விட்டுக் கோடு தாவி மேலே போனால் சாப்பாடு அதிகம். கீழே சரிந்தால் உடனே டாக்டர்.

கையே தராசு

தராசு சொல்லாததைக் கை சொல்லும். இந்த வித்தையும் பண்ணையிலிருந்து வந்ததுதான். 1960-களில் ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆடுகளின் முதுகைத் தடவிப் பார்த்து மதிப்பெண் போடும் முறை உருவானது. ரோமத்துக்குள் ஒளிந்திருக்கும் சதையைக் கண்ணால் அளக்க முடியாதே. பிறகு கறவை மாடுகளுக்கு வந்தது. நாய்களுக்கான ஒன்பது புள்ளி அளவுகோல் 1990-களில் சோதித்து நிலைநாட்டப்பட்டது. ஒன்று என்றால் எலும்புக்கூடு. ஒன்பது என்றால் பீப்பாய். நான்கும் ஐந்தும்தான் உத்தமம். ஐந்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ பத்து சதவீத அதிக எடைக்குச் சமம்.

இதை வீட்டிலேயே செய்யலாம். மூன்றே சோதனைகள்.

முதலாவது, விலா. குட்டியை நிற்க வைத்து, இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து, அழுத்தாமல் விரல்களை ஓட்ட வேண்டும். எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவு நம் கையிலேயே இருக்கிறது. கையை முஷ்டியாக மடக்கி விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள். விலா அப்படிப் புடைத்துத் தெரிந்தால் குட்டி மெலிவு. கையை விரித்து உள்ளங்கைப் பக்கம் விரல்களின் அடியைத் தடவுங்கள். அப்படி மெத்தென்று, எலும்பைத் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு. விரித்த கையின் புறங்கையைத் தடவும்போது எலும்பு தட்டுப்படுகிறதல்லவா? அதுதான் சரியான எடை.

இரண்டாவது, மேலிருந்து பார்ப்பது. விலா முடிகிற இடத்துக்குப் பின்னால் இடுப்பு கொஞ்சம் உள்வாங்க வேண்டும். உருளையாக ஒரே அகலத்தில் இருந்தால் அதிகம். மூன்றாவது, பக்கவாட்டில் பார்ப்பது. நெஞ்சைவிட வயிறு மேலேறியிருக்க வேண்டும். மிகச் சிறிய குட்டிகளுக்கு, குறிப்பாகச் சாப்பிட்டவுடன், வயிறு உருண்டுதான் இருக்கும். அவற்றுக்கு விலாச் சோதனையே நம்பகமானது. ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன் போன்ற முடி அடர்ந்த ஜாதிகளிலும் கண்ணை நம்பக் கூடாது.

விதிவிலக்கும் உண்டு. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறையும் கர்நாடகத்தின் முதோலும் ஓட்டத்துக்கென்றே உருவான வேட்டை நாய்கள். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போதே இரண்டொரு விலா தெரியும். அதைப் பார்த்துப் பதறி நெய்ச்சோறு போட்டால் அந்த ஜாதியின் அழகே கெட்டுவிடும்.

தொப்பை சொல்லும் பொய்

எடை விஷயத்தில் இந்திய வீடுகள் அதிகம் ஏமாறுவது வயிற்றைப் பார்த்துத்தான். வயிறு பானை மாதிரி, ஆனால் விலாவும் முதுகெலும்பும் துருத்திக்கொண்டு, முடி மங்கி இருக்கும் குட்டி கொழுத்த குட்டியல்ல. அநேகமாகக் குடற்புழு கண்ட குட்டி. உருண்டைப் புழுக்கள் தாயின் கருவிலேயே குட்டிக்குள் போய்விடுகின்றன. தாய்ப்பால் வழியாகவும் வரும். அதனால்தான் இரண்டு வார வயதிலிருந்தே, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து கொடுக்கத் தொடங்குகிறார்கள் கால்நடை மருத்துவர்கள். அந்தப் புழுவின் முட்டைகள் மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கும் ஆபத்து என்பது கூடுதல் காரணம்.

மெலிவுக்கு இன்னொரு காரணம், தாயிடமிருந்து சீக்கிரமே பிரிப்பது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வாங்குகிறவர்கள் வயதைக் கேட்டால்தான் விதிக்கு உயிர் வரும்.

பாலும் சோறும் எலும்பும்

பாலும் தயிர்சாதமும் மட்டுமே போட்டால் வயிறு நிறையும். ஆனால் வளர்ச்சிக்கான புரதம் போதாது. நேர்மாறாக, எலும்பில்லாத கறியை மட்டுமே போடுவதும் கெடுதல். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவ, கால்கள் வளையும்.

அதற்காகக் கால்சியம் டானிக்கை வாங்கி ஊற்றினால் போச்சு. சமச்சீரான குட்டித் தீவனம் தின்னும் பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அது நன்மைக்குப் பதில் தீமையே செய்யும். நெதர்லாந்தில் கிரேட் டேன் குட்டிகளிடம் 1980-களில் நடந்த ஆய்வுகள், மிதமிஞ்சிய கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்குவதைக் காட்டின. சின்னக் குட்டி வேண்டாத கால்சியத்தை ஒதுக்கத் தெரியாமல் உறிஞ்சிக்கொள்கிறது. டானிக் தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்துக் கடைக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ அல்ல.

சரி, குட்டி கொழுத்திருக்கிறது என்று கை சொல்லிவிட்டது. என்ன செய்வது? பட்டினி போடக் கூடாது. வளரும் உடம்புக்குச் சத்து வேண்டும். அன்றாட அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, இரண்டு வாரம் பொறுத்து, மறுபடி விலாவைத் தடவிப் பார்க்கலாம். நாள் முழுதும் தட்டை நிரப்பி வைக்கும் வழக்கத்தை விட வேண்டும். நான்கு மாதம் வரை நாளுக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு என்று அளந்து போட்டால் கணக்கு தப்பாது. கருத்தடை ஆபரேஷனுக்குப் பின் தேவை குறைந்துவிடும் என்பதால் அப்போதும் அளவைக் குறைக்க வேண்டும். பிஸ்கெட், ரஸ்க், வடைத்துண்டு எல்லாம் சேர்ந்தாலும் ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

அதுதான் கஷ்டம். வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் ரகசியமாகப் போடுவார்கள். காலையில் தாத்தா ஒரு பிஸ்கெட், மாலையில் பேத்தி ஒரு சப்பாத்தி. மோப்ப நாய்க்கு அதைக் கையாளும் காவலர்தான் பொறுப்பு. என்ன தின்கிறது என்று அவருக்குத் தெரியும். வீட்டு நாய்க்கு எல்லோரும் பொறுப்பு, அதனால் யாருக்கும் கணக்கு தெரியாது. காலையிலேயே அன்றைய உணவு முழுவதையும் ஒரு டப்பாவில் அளந்து வைத்து, யார் போடுவதானாலும் அதிலிருந்தே எடுப்பது என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

வாலை ஆட்டிக்கொண்டு தட்டருகே நிற்கும் குட்டியின் கண்களுக்கு அளவு தெரியாது. எப்போதும் இன்னும் கொஞ்சம் என்றுதான் கேட்கும். போடுவதற்கு முன் ஒரு நிமிடம் அதன் விலாவைத் தடவிப் பார்க்கலாம். குட்டிக்கு அது கொஞ்சல். வளர்ப்பவருக்கு அதுவே கணக்கு.