அல்ட்ராபுக் வாங்குமுன் அறிய வேண்டியவை: விலை எங்கே கூடுகிறது, எங்கே கூட வேண்டியதில்லை?



கணக்குப் புத்தகமும் கார்பன் தாளும் இருந்த இடத்தில் இன்று கணினி அமர்ந்துவிட்டது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் மாதம் தவறாமல் விவரப் படிவம் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய மொத்த வியாபாரிகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்சும் கட்டாயமாகிவிட்டது. ஆகவே கணினி வாங்கலாமா என்ற கேள்வி போய், எந்தக் கணினி, எவ்வளவு விலையில் என்ற கேள்வி வந்திருக்கிறது.

அண்மைக் காலமாக நம் வடக்குத்து, இந்திரா நகர் பகுதிக் கடைக்காரர்களில் பலர் மெல்லிய, எடை குறைந்த, விலை உயர்ந்த மடிக்கணினிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒரே பெயர், ஒரே தோற்றம், ஆனால் விலை மட்டும் 80 ஆயிரம், ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று படிப்படியாக ஏறுகிறது. எந்தப் படியில் நிற்பது? அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கிறோம்.

இது சிறிய விஷயமன்று. சர்க்கரை, எண்ணெய், பருப்பு மொத்த வியாபாரத்தில் நூற்றுக்கு 2 ரூபாய் நிற்பதாக வைத்துக்கொள்வோம். தேவையில்லாத ஒரு படி ஏறி 20,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், அது 10 லட்சம் ரூபாய் சரக்கை ஏற்றி இறக்கி விற்ற ஆதாயம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அல்ட்ராபுக் என்பது என்ன?

இது இன்டெல் நிறுவனம் 2011-இல் வைத்த பெயர். ஆப்பிள் நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த மேக்புக் ஏர் என்னும் மெல்லிய கணினிக்குப் போட்டியாக, விண்டோஸ் கணினி செய்யும் நிறுவனங்களும் மெல்லியதாகவும், சீக்கிரம் விழித்துக்கொள்வதாகவும், பேட்டரி நெடுநேரம் நிற்பதாகவும் செய்ய வேண்டுமென்று இன்டெல் சில அளவுகளை வகுத்தது. ஆசூஸ் ஜென்புக் முதலில் வந்தவற்றுள் ஒன்று. லெனோவா, டெல், எச்.பி. என்று எல்லா நிறுவனங்களும் இன்று இவ்வகையில் கருவிகள் விற்கின்றன. இன்டெல்லின் முத்திரைப் பெயர் மங்கிவிட்டாலும், மெல்லிய உயர்ரக மடிக்கணினிக்குப் பொதுப்பெயராக அது மக்களிடம் நிலைத்துவிட்டது.

யாருக்கு இது தேவை?

கல்லா மேஜையை விட்டு நகராமல் பில் போடும் கணினிக்கு அல்ட்ராபுக் வேண்டியதே இல்லை. அதே வேகம் கொண்ட சாதாரண மேஜைக் கணினி பாதி விலைக்குள் கிடைக்கும். பழுதானாலும் நம் ஊரிலேயே பிரித்துப் பார்க்க ஆள் உண்டு.

கடை, குடோன், ஆடிட்டர் அலுவலகம், வசூலுக்குப் பண்ருட்டி, விருத்தாசலம் என்று கணக்கைக் கையோடு கொண்டு அலைகிறவருக்கு இதன் பயன் தெரியும். ஒன்றேகால் கிலோ எடையும், பகல் முழுதும் நிற்கும் பேட்டரியும் அவருக்கு வசதிக்கான ஆடம்பரமல்ல, தொழில் கருவி. நாம் எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்வோம்.

பின்னால் போடக்கூடியது, போட முடியாதது

விலைப்பட்டியலைப் படிக்கும் திறவுகோல் இதுவே. பழைய மடிக்கணினிகளில் ராம் எனப்படும் நினைவக அட்டையைக் கழற்றிப் பெரியதாக மாற்றலாம். அல்ட்ராபுக் பலவற்றில் அது முடியாது. உடல் மெல்லியதாக இருக்க வேண்டும், மின்சாரம் குறைவாகச் செலவாக வேண்டும் என்பதற்காக ராமைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். 2024-இல் வந்த இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ராம், செயலியோடு ஒரே பொட்டலத்தில் அமைந்திருக்கிறது. 16 அல்லது 32 ஜி.பி. என்பதைத் தவிர வேறு அளவே கிடையாது.

வாங்கும் நாளில் தேர்ந்தெடுத்ததுதான் கடைசி வரைக்கும். ஊருக்கு ஒரே கடை என்றால் கடைக்காரர் சொன்னதே விலை அல்லவா? அதுபோல, வெளியில் வாங்கிப் போட முடியாத பாகத்துக்கு நிறுவனம் வைத்ததே விலை.

ஒரு எடுத்துக்காட்டு. 2025 மார்ச்சில் ஆப்பிள் எம்4 சில்லு கொண்ட 13 அங்குல மேக்புக் ஏர் இந்தியாவில் அறிமுகமானது. அறிமுக விலைகள் இவை:

16 ஜி.பி. ராம், 256 ஜி.பி. சேமிப்பு: ரூ.99,900
16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. சேமிப்பு: ரூ.1,19,900
24 ஜி.பி. ராம், 512 ஜி.பி. சேமிப்பு: ரூ.1,39,900

அதே உடல், அதே திரை, அதே பேட்டரி. படம் காட்டும் திறனில் வரும் சிறு கூடுதலைத் தவிர, நாம் வாங்குவது சேமிப்பும் ராமும்தான். முதற்படிக்கும் மூன்றாம் படிக்கும் வித்தியாசம் 40,000 ரூபாய். நம் கணக்கில் இது 20 லட்சம் ரூபாய் சரக்கின் ஆதாயம். இந்தக் கருவியில் ராமையும் சேமிப்பையும் பின்னால் பெருக்க இயலாது.

ஒவ்வொரு பாகமாக நம் கருத்து வருமாறு:

1. ராம்: பின்னால் மாற்ற முடியாதென்றால் 16 ஜி.பி. வாங்குவது அறிவுடைமை. கணக்கு மென்பொருளுக்கு இன்று 8 ஜி.பி. போதும், ஐந்தாண்டு ஓட வேண்டும் என்பதால்தான் 16. பில், இருப்பு, இணையப் படிவம் ஆகியவற்றுக்கு 32 ஜி.பி. தண்டச் செலவு. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. ஆகவே பழைய விலையை நம்பி இராமல், வாங்கும் நாளில் ஒவ்வொரு படிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

2. சேமிப்பு: விண்டோஸ் அல்ட்ராபுக் பெரும்பாலானவற்றில் எஸ்.எஸ்.டி. கழற்றி மாட்டக்கூடியது. 512 ஜி.பி. நமக்குத் தாராளம். ஒரு டி.பி.க்குப் பெருந்தொகை கேட்டால் விட்டுவிடலாம். தேவைப்படும்போது வெளியில் வாங்கி மாற்றலாம். மாற்றினால் உத்தரவாதம் பாதிக்குமா என்று மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்க.

3. செயலி: 5-ஆம் வரிசைக்கும் 7-ஆம் வரிசைக்கும் விலை வித்தியாசம் பெரிது. மெல்லிய உடலில் சூடு வெளியேற இடம் குறைவு. சூடு ஏறினால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் தகரக் கூரை குடோனில் உட்கார்ந்து பில் போடுகையில் 7-இன் முழு வேகம் நமக்குக் கிட்டப்போவதில்லை. 5-ஆம் வரிசையே போதும்.

4. திரை: தொடுதிரை, மிகைத் துல்லியம், ஓ.எல்.இ.டி. ஆகியவை விலையை ஏற்றும். பேட்டரியையும் கூடுதலாக உறிஞ்சலாம். சாலையோரக் கடையின் வெளிச்சத்தில் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்பதே நமக்கு முக்கியம். 400 நிட்ஸ் ஒளி இருந்தால் நலம்.

5. விசைப்பலகை: 13, 14 அங்குலக் கருவிகளில் வலப்பக்கம் தனி எண் விசைகள் பொதுவாக இரா. எண்ணே தொழிலாக உள்ள நமக்கு இது பெருங்குறை. சில நூறு ரூபாயில் தனி எண் பலகை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். தட்டச்சுப் பலகை மட்டும் நேரில் தொட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

நம் தொழிலுக்கு ஒத்துவருமா?

விலை சரியாக இருந்தும் வேலைக்கு ஆகாவிட்டால் என்ன பயன்? மூன்று விஷயங்களைச் சோதிக்க வேண்டும்.

முதலாவது, கணக்கு மென்பொருள். டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. மேக்கில் நேரடியாக நிறுவி ஓட்ட முடியாது. சுற்றுவழிகள் உண்டென்றாலும் அவற்றுக்குத் தனிச் செலவு. டாலி வைத்திருப்பவர் ஆப்பிள் கருவியின் அழகில் மயங்க வேண்டாம்.

இரண்டாவது, பிரிண்டரும் டோக்கனும். 2024 முதல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சில்லு கொண்ட விண்டோஸ் மடிக்கணினிகள் வந்துள்ளன. பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் பழைய டாட் மாட்ரிக்ஸ் பிரிண்டர், பில் பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவற்றின் டிரைவர், அந்தச் சில்லுக்கென்று தனியாக எழுதப்பட்டிருந்தால்தான் வேலை செய்யும். நம் பிரிண்டரையும் டோக்கனையும் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, செருகுமிடம். அல்ட்ராபுக் சிலவற்றில் டைப்-சி துளைகள் இரண்டு மட்டுமே இருக்கும். பார்கோடு ஸ்கேனர், பிரிண்டர், பென் டிரைவ் மாட்ட ஹப் ஒன்று வேண்டும். அந்த விலையையும் சேர்த்தே கூட்டிப் பார்க்க வேண்டும்.

கைக்கு வரும் விலை எவ்வளவு?

பட்டியல் விலை நாம் உண்மையில் ஏற்கும் விலை அன்று. கணினிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ரூ.1,18,000 விலையுள்ள கருவியில் வரி ரூ.18,000. வழக்கமான முறையில் பதிவு செய்தவர், கடையின் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் பெற்று, அது ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் ஏறியிருந்தால், அந்த 18,000-ஐ உள்ளீட்டு வரியாக வரவு வைத்துக்கொள்ளலாம். அடக்கம் ரூ.1,00,000 ஆகிறது. காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு கடைக்காரருக்கு இந்த வரவு கிடையாது. அவருக்கு அடக்கம் முழு ரூ.1,18,000. ஒரே கருவி, இருவருக்கும் இரு விலை. ஆகவே அடுத்த கடைக்காரர் வாங்கினார் என்பதற்காக நாமும் அதே படியில் ஏறலாகாது.

கல்லூரி செல்லும் பிள்ளைக்கு வாங்கிவிட்டுக் கடைக் கணக்கில் வரி வரவு எடுப்பது சட்டப்படி செல்லாது. சொந்த உபயோகத்துக்கு வரவு இல்லை.

வருமான வரியில் கணினிக்குத் தேய்மானம் 40 சதவீதம். வரி வரவு எடுத்த ரூ.1,00,000 கருவிக்கு முதலாண்டு 40,000, அடுத்து மீதி 60,000-இல் 24,000 என்று கழியும். அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் முதலாண்டு பாதிதான். வரவு எடுத்த வரித்தொகைக்கு மீண்டும் தேய்மானம் கேட்கக் கூடாது. அனுமான லாப முறையில் கணக்குக் கொடுப்பவருக்குத் தேய்மானம் தனியாகக் கிடையாது. மற்றொன்று, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அத்தொகை சொத்தின் விலையாக ஏற்கப்படாது. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ செய்க. ஐயமிருந்தால் ஆடிட்டரைக் கேட்டுத் தெளிக.

இனி ஆண்டுக் கணக்கு. அடக்கம் 1,00,000; ஐந்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 20,000. அடக்கம் 50,000 உள்ள சாதாரண மடிக்கணினி மூன்றாண்டு உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 16,700. வித்தியாசம் ஆண்டுக்கு 3,300. அலைகிறவருக்கு இது கொடுக்கத்தக்க தொகை. ஆனால் அடக்கம் 1,40,000 ஆனால் ஆண்டுக்கு 28,000. வித்தியாசம் 11,300 ஆகிவிடும். ஆகவே அல்ட்ராபுக் என்ற வகையைவிட, அதில் நாம் ஏறும் படிதான் செலவைத் தீர்மானிக்கிறது.

தவணையும் உத்தரவாதமும்

வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் வரும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013-இல் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. கார்டுத் தவணையில் வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டினாலும், அவ்வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் நம்மிடம் வரும். உடனே முழுத்தொகை கொடுத்தால் என்ன விலை என்று கேட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

உத்தரவாதத்தில் சிக்கனம் வேண்டாம். எல்லாம் ஒரே பலகையில் பற்றவைத்த கருவியில் ஒரு பாகம் போனால் பலகையையே மாற்ற நேரலாம். அதிக ராமுக்குக் கொடுக்கும் பணத்தை மூன்றாண்டு உத்தரவாதத்துக்குக் கொடுப்பது மேல். நம் பின்கோடுக்கு ஆள் நேரில் வருவாரா, சென்னைக்கோ புதுவைக்கோ நாம் எடுத்துச் செல்ல வேண்டுமா என்பதை எழுத்தில் பெறுக.

பெரிய நிறுவனங்கள் கழித்த உயர்ரகக் கருவிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி வேண்டும். அதற்கு முந்தியதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஜி.எஸ்.டி. பில் இல்லாமலும் வாங்க வேண்டாம்.

நம் ஊர்க் கவனம்

2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயலுக்குப் பின் நம் கடலூர் மாவட்டத்தில் மின்சாரமின்றிப் பல நாள் கிடந்ததை எவரும் மறக்கவில்லை. அத்தகைய நாளில் அரை யூனிட்டுக்கும் மிகக் குறைவான மின்சாரத்தில் நிரம்பி, பகல் முழுதும் ஓடும் கருவி பெரிய துணை. ஆனால் சேமிப்புப் பலகையோடு ஒட்டியிருந்தால், பலகை போனால் நம் கணக்கும் போயிற்று. தினமும் கடை சாத்துமுன் ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ நகல் எடுத்து வீட்டில் வைத்தல் கட்டாயம்.

முடிவாக, கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: கையோடு எடுத்துச் செல்லும் தேவை உண்டா? எது பின்னால் மாற்ற முடியாதது? நம் மென்பொருளும் பிரிண்டரும் ஓடுமா? வரி வரவு போக அடக்கம் எவ்வளவு? பழுதானால் யார் வருவார்?

பின்னால் போட முடியாததற்கு இன்றே கொடுப்போம்; பின்னால் போடக்கூடியதற்கு இன்று கொடுக்க மாட்டோம். சரக்குக் கொள்முதலில் காட்டும் கண்டிப்பைக் கருவிக் கொள்முதலிலும் காட்டினால் ஆதாயம் நம்மிடமே நிற்கும்.