‘வலிமையானவள்’ என்ற பாராட்டின் விலை

அமெரிக்கக் கறுப்பினப் பெண் என்றதும் ‘எதையும் தாங்குவாள்’ என்ற பாராட்டு முந்திக்கொண்டு வரும். வீட்டுப் பொறுப்பு, வேலையிடத்துப் பாகுபாடு, சொந்தபந்தங்களின் தேவை என அனைத்தையும் அவள் முகம் சுளிக்காமல் சுமக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது. அதற்கான விலையை அவள் உடல் கொடுக்கிறது.

உடம்பு தேயும் விதம்

அமெரிக்காவில் வயதுவந்த கறுப்பினப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு. 2023இல் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 50.3 என்ற விகிதத்தில் கறுப்பினத் தாய்மார் இறந்தனர். வெள்ளையினத்தவரில் இது 14.5தான்.

பாகுபாட்டையும் பற்றாக்குறையையும் ஓயாமல் எதிர்கொள்ளும் உடல் வயதுக்கு முன்பே தேய்கிறது என்ற கருத்தைப் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992இல் முன்வைத்தார். நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசால், அட்ரினலின் ஆகிய ஹார்மோன்கள் நெருக்கடி தீர்ந்ததும் அடங்க வேண்டும். அது தீராமலே நீடித்தால் ரத்தக் குழாய்கள், இதயம், தூக்கம் மூன்றும் கெடும்.

சொகுசு அல்ல, தற்காப்பு

கவிஞர் ஆட்ரி லார்ட், கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோயுடன் வாழ்ந்த காலத்தில், தன்னைப் பேணுவதை அரசியல் செயலாகவே கண்டார். 1983இல் உடல்நலச் செயற்பாட்டாளர் பில்லி ஏவரி முன்னின்று அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களின் உடல்நல மாநாட்டை நடத்தினார். அதையொட்டி வளர்ந்த சுயஉதவிக் குழுக்களில், வெளியே சொல்லாமல் புதைத்து வைத்த துயரங்களைப் பெண்கள் மனம்விட்டுப் பேசினர். முகப்பூச்சும் வாசனை மெழுகுவர்த்தியும் ‘தன்னைப் பேணுதல்’ என்பதோடு பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை.

எங்கே எல்லை வகுப்பது?

வேலையில்: கூடுதல் பணி வந்தால், “இதைச் செய்ய எதைத் தள்ளிவைக்கலாம்?” என்று மேலாளரிடமே கேட்கலாம்.

குடும்பத்தில்: எவ்வளவு பணமும் நேரமும் தர முடியும் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நீண்ட விளக்கம் கொடுத்தால் பேரம் தொடங்கிவிடும்.

மருத்துவரிடம்: அறிகுறிகளைத் தேதியோடு எழுதிக்கொண்டு, நம்பகமான ஒருவருடன் செல்வது நல்லது. கேட்ட பரிசோதனை மறுக்கப்பட்டால், அதற்கான காரணத்தைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லலாம். 2017இல் குழந்தை பெற்றபின் மூச்சுத்திணறிய டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ், ஸ்கேன் எடுக்கும்படி வற்புறுத்தியதால்தான் நுரையீரலில் இருந்த ரத்தக்கட்டிகள் தெரியவந்தன. உலகப் புகழ்பெற்றவரே வற்புறுத்த வேண்டியிருந்தது!

தாமதிக்கக் கூடாதவை

பிரசவத்துக்குப் பின் கடும் தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், அதிக ரத்தப்போக்கு ஏற்பட்டால் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். மனச்சோர்வோ தூக்கமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல ஆலோசனை தேவை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அமெரிக்காவில் 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

மறுக்கும் உரிமை யாருக்கு?

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மனநலம் கருதிப் போட்டிகளிலிருந்து விலகினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். ஆனால், மணிக்கூலிக்கு வேலை செய்யும் பெண் ஒரு நாள் மறுத்தால் வேலையே போகலாம். சம்பளத்துடன் கூடிய விடுப்பும், வலியைச் சொன்னால் நம்பும் மருத்துவரும் இல்லாத இடத்தில், தன்னைப் பேணிக்கொள்ளச் சொல்வது அவள் தலையில் இன்னொரு கடமையை ஏற்றுவதாகவே முடியும்.