நோய்நீக்க லாடம்

நோய்நீக்க லாடம் என்பது நொண்டும் குதிரையின் குளம்பில் வலியுள்ள பகுதி மீது விழும் சுமையைக் குறைப்பதற்காகவோ, சிதைந்த குளம்பு மீண்டும் சீராக வளர்வதற்காகவோ பொருத்தப்படும் சிறப்பு லாடம் ஆகும். வழமையான லாடம் குளம்பு தேய்வதைத் தடுக்கிறது. நோய்நீக்க லாடமோ குதிரையின் எடை குளம்பின் எப்பகுதியில் இறங்க வேண்டும் என்பதை மாற்றியமைக்கிறது. இது தன்னளவில் மருந்து அன்று. நொண்டுவதன் காரணத்தைக் கண்டறியாமல் அடிக்கப்படும் லாடம் நோயை மறைத்து, குதிரைக்குத் தீங்காகவும் முடியலாம்.

வரலாறு

கிமு 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கரான செனபோன், குதிரை வாங்குவோர் முதலில் அதன் கால்களையே ஆராய வேண்டும் என்று எழுதினார். அவர் காலத்தில் ஆணி அடித்த லாடம் கிரேக்கத்தில் வழக்கில் இல்லை. குளம்பு இறுகுவதற்காக, உருண்டைக் கற்கள் பரப்பிய தரையில் குதிரைகளை நிறுத்துமாறு அவர் பரிந்துரைத்தார். உரோமர் குளம்பின் மேல் கட்டிக் கழற்றக்கூடிய உலோகக் காலணிகளைப் பயன்படுத்தினர். ஆணி அடித்த இரும்பு லாடம் ஐரோப்பாவில் பரவலானது இடைக்காலத்தில்தான்.

லாட வேலை அறிந்தவர் இல்லாததன் விளைவு பற்றிய புகழ்பெற்ற குறிப்பு ஒன்று தமிழகத்தைப் பற்றியது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அங்குள்ள மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை இறக்குமதி செய்ததாகவும், அவற்றுள் பெரும்பாலானவை ஓர் ஆண்டுக்குள் இறந்ததாகவும் பதிவு செய்துள்ளார். குதிரை வணிகர்கள் லாட வேலையும் குதிரை வைத்தியமும் அறிந்தவர்களை அங்கு செல்லவிடாமல் தடுத்தனர் என்பது அவர் கூறும் காரணங்களுள் ஒன்று. குதிரைகள் இறக்க இறக்க வணிகம் பெருகும் அல்லவா! இக்குறிப்பில் மிகை இருக்கலாம். எனினும் லாடக்காரரும் வைத்தியரும் ஒருவராகவே கருதப்பட்ட காலம் அது என்பது இதிலிருந்து விளங்கும்.

இவ்விரு தொழில்களும் பின்னரே பிரிந்தன. 1761 இல் பிரான்சின் லியோன் நகரில் கிளோது பூர்சலா முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவும் அனுமதியைப் பெற்றார். பிரித்தானியாவில் பதிவு பெறாதோர் குதிரைக்கு லாடம் அடிப்பதை 1975 ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்தது.

குளம்பின் அமைப்பு

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியில் நிற்கும் விலங்கு. தமிழக வண்டி மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பு என்பதால் லாடமும் இரு துண்டுகளாக அடிக்கப்படும். குதிரைக்குப் பிளவு இல்லாததால் லாடம் ஒரே வளைவாக அமைகிறது.

குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதில் நரம்பு இல்லை. ஆகவே ஆணி அடிப்பதும், பழுக்கக் காய்ச்சிய லாடத்தை வைத்து அளவு பார்ப்பதும் முறையாகச் செய்தால் வலிப்பதில்லை. அடிப்புறத்தில் முக்கோண ஆப்பு போன்ற, மீள்தன்மை கொண்ட பகுதி ஒன்று உண்டு. ஆங்கிலேயர் இதனைத் 'தவளை' என்கின்றனர். இக்கட்டுரையில் இது குளம்பு ஆப்பு எனப்படுகிறது.

குளம்பினுள் இருக்கும் கடைசி விரலெலும்பு குளம்பெலும்பு ஆகும். இந்த எலும்பு அடித்தகட்டின் மீது அமர்ந்திருக்கவில்லை, சுவரின் உட்புறத்திலிருந்து தொங்குகிறது. சுவரையும் எலும்பையும் இணைப்பவை ஒன்றோடொன்று கோத்த ஏறத்தாழ 550 முதல் 600 மெல்லிய தகடுகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்தகடுகள் உள்ளன. அரை டன் எடையுள்ள விலங்கு ஓடும்போதும் தாண்டும்போதும் இந்த இணைப்பையே நம்பியுள்ளது.

நொண்டலைக் கண்டறிதல்

குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. நொண்டலும் பெரும்பாலும் அவற்றிலேயே தோன்றுகிறது. குதிரையைக் கெட்டியான தரையில் சீரோட்டத்தில் நடத்திப் பார்க்கும்போது, வலியுள்ள முன்னங்கால் ஊன்றும் வேளையில் தலை மேலே எழும், நலமான கால் ஊன்றும்போது தாழும். முதன்முறை பார்ப்பவர்கள் இதனைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலைச் சோதிப்பதுண்டு.

அடுத்து, குறடு போன்ற ஒரு கருவியால் குளம்பு பகுதி பகுதியாக அழுத்தப்படுகிறது. எங்கு அழுத்தும்போது குதிரை காலை இழுக்கிறதோ அங்கு சிக்கல் உள்ளது. இடம் தெளிவாகாவிடில், மருத்துவர் நரம்புகளை ஒவ்வொன்றாக மரத்துப்போகச் செய்து, எப்போது நொண்டல் நிற்கிறது என்று பார்க்கிறார். பிழையுள்ள பகுதியைச் சுருக்கிக்கொண்டே வரும் முறை இது. ஊடுகதிர்ப் படம் இதற்குப் பின்னரே பொருளுடையதாகிறது.

திடீரெனக் காலை ஊன்றவே முடியாமல் போனால், எலும்பு முறிவு என்று உரிமையாளர் அஞ்சுவது இயல்பு. ஆனால் குளம்பினுள் சீழ் கட்டுவதே இதற்கு மிகப் பொதுவான காரணம். விரியாத பெட்டிக்குள் அழுத்தம் கூடுவதால் வலி கடுமையாகிறது. ஓர் ஆணி வெள்ளைக் கோட்டுக்கு உட்புறமாக இறங்கினாலும் இது நேரலாம். சீழ் வெளியேற வழி செய்தபின் ஓரிரு நாட்களில் குதிரை நன்கு நடக்கத் தொடங்குவதுண்டு. இந்நிலையில் திண்டு வைத்து லாடம் அடித்து மூடுவதைப் போன்ற தவறு வேறில்லை. குதிரைகள் ஏற்புவலிக்கு எளிதில் ஆளாவதால் தடுப்பூசியும் இன்றியமையாதது.

குளம்புத் தகட்டழற்சி

மேற்கூறிய தகடுகளின் இணைப்பு தளர்வதே குளம்புத் தகட்டழற்சி. ஆங்கிலத்தில் லேமினைட்டிஸ் எனப்படுகிறது. இன்சுலின் கோளாறுள்ள குதிரை செழும்புல்லை மிகுதியாக மேய்வது, தானியத்தை அளவின்றி உண்பது, கடும் நோய்த்தொற்று ஆகியன இதற்குக் காரணங்கள். நான்காவது காரணம் பொறியியல் சார்ந்தது. ஒரு காலில் காயம்பட்ட குதிரை எதிர்க்காலிலேயே நெடுநாள் நிற்கும்போது, அக்காலின் தகடுகளுக்குக் குருதி போதாமல் போகிறது. நோயுற்ற குதிரை குதிகாலில் எடையைச் சாய்த்து, முன்னங்கால்களை நீட்டி நிற்கும்.

தகடுகள் தளர்ந்தபின் இரண்டு விசைகள் எலும்பைச் சுவரிலிருந்து பிரிக்கின்றன. குளம்பெலும்பின் பின்புறத்தில் பற்றியுள்ள ஆழ்மடக்குத் தசைநாண் அதனை மேல்நோக்கி இழுக்கிறது. நீண்டு வளர்ந்த குளம்பின் முன்நுனி ஒவ்வோர் அடியிலும் நெம்புகோலாகச் செயல்படுகிறது. நிலைமை முற்றினால் எலும்பின் நுனி அடித்தகட்டையே துளைத்து வெளிவரும்.

இங்கு லாடத்தின் பணி இவ்விசைகளைக் குறைப்பது. முன்நுனி குறுக்கி வெட்டப்பட்டு, லாடத்தின் முன்விளிம்பு பின்னோக்கி உருட்டப்படும். இதனால் கால் எளிதில் மடங்கி எழும். குதிகாலின் கீழ் ஆப்பு வைத்து உயர்த்தினால் தசைநாணின் இழுவிசை தளரும். இதய வடிவப் பட்டை கொண்ட லாடம் சுமையின் ஒரு பகுதியைக் குளம்பு ஆப்புக்கு மாற்றுகிறது. இப்பட்டை சற்று மிகுதியாக அழுத்தினாலும் குருதியோட்டம் தடைப்படும் என்பதால், ஊடுகதிர்ப் படத்தை அருகில் வைத்துக்கொண்டே இதனைப் பொருத்துவது நல்லது. சுத்தியல் அதிர்வைத் தாங்காத குளம்புகளுக்கு லாடம் பசையால் ஒட்டப்படுகிறது. நோயின் முதல் நாட்களில் லாடத்தைக் காட்டிலும் பனிக்கட்டியும், மென்மையான தரையும், தீனிக் கட்டுப்பாடுமே உதவுகின்றன.

சுவர் மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரையே வளர்கிறது. முன்நுனி முழுதும் புதிதாக வளர ஓர் ஆண்டு வரை ஆகும். நலமான குதிரைக்கும் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தை மாற்ற வேண்டும். நோயுற்ற குதிரைக்கு இந்த இடைவெளி இன்னும் குறையும்.

பார்பரோ

2006 ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பி பந்தயத்தில் வென்ற பார்பரோ என்னும் குதிரை, இரு வாரங்களுக்குப் பின் மே 20 அன்று பிரீக்னெசு பந்தயத்தின் தொடக்கத்திலேயே வலது பின்னங்காலை முறித்துக்கொண்டது. பென்சில்வேனியாவில் மருத்துவர் டீன் ரிச்சர்ட்சன் தலைமையில் தகடுகளும் திருகாணிகளும் வைத்து எலும்பு பொருத்தப்பட்டது. எலும்பு கூடி வந்தது. ஆனால் சூலை மாதத்தில், முறியாத இடது பின்னங்காலில் தகட்டழற்சி தோன்றியது. அக்குளம்புச் சுவரின் பெரும்பகுதியை வெட்டி நீக்க வேண்டியதாயிற்று. இறுதியில் முன்னங்கால்கள் இரண்டிலும் நோய் பரவியது. வலியின்றி நிற்க ஒரு கால்கூட எஞ்சாத நிலையில், 2007 சனவரி 29 அன்று அக்குதிரை கருணைக்கொலை செய்யப்பட்டது.