மருந்தாகும் ஒளி

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள ராச்ஃபோர்டு பொது மருத்துவமனையில், 1950களில் குறைமாதக் குழந்தைகள் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஜீன் வார்டு என்னும் தலைமைச் செவிலியர். மூடிய அறையின் வெம்மையைவிடத் தூய காற்றும் வெயிலுமே பச்சிளங்குழந்தைகளைத் தேற்றும் என்பது அவரது உறுதியான எண்ணம். ஆதலால், கோடையின் தெளிந்த நாள்களில் குழந்தைகளை மருத்துவமனையின் முற்றத்திற்குக் கொண்டுசெல்வார். 1956ஆம் ஆண்டில் ஒருநாள், பிரிவைப் பார்வையிட வந்த மருத்துவர்களிடம் ஒரு குழந்தையின் உடலைத் திறந்து காட்டினார். மேனியெங்கும் வெளிறியிருக்க, முக்கோண வடிவில் ஓரிடம் மட்டும் அடர்ந்த மஞ்சளாக இருந்தது. ஏதோ சாயம் பூசப்பட்டுள்ளதோ என்று மருத்துவர்கள் ஐயுற்றனர். உண்மை வேறு. குழந்தைக்குக் காமாலை இருந்தது. வெயில் பட்ட இடங்களில் மஞ்சள் மங்கிவிட்டது. துணியின் முனை மறைத்த இடத்தில் மட்டும் அது எஞ்சி நின்றது.

அப்போது அதனை எவரும் பெரிதாக எண்ணவில்லை. சில வாரங்களுக்குப் பின், கடுமையான காமாலை கண்ட ஒரு குழந்தையின் குருதி ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டது. அக்குழாய் சன்னலோரத்தில் வெயில்பட நெடுநேரம் இருந்துவிட்டது. பின்னர் அளந்தபோது, மஞ்சள் நிறமியாகிய பிலிருபினின் அளவு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்து காணப்பட்டது. முற்றத்துக் குழந்தையும் சன்னலோரக் குழாயும் உணர்த்தியது ஒன்றே என்பதை அப்போதுதான் உணர்ந்தனர். கிரீமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் ஆகிய மூவரும் நீலநிற விளக்குகளைக் கொண்டு ஒரு கருவி அமைத்துக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்து, 1958இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டனர். ஆயினும், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரால்டு லூசி என்னும் குழந்தை மருத்துவர் தம் குழுவினருடன் முறைப்படி ஆய்ந்து 1968இல் அறிவித்த பின்னரே, அம்முறை அந்நாட்டில் பரவத் தொடங்கியது. இடைப்பட்ட பத்தாண்டுகள் சிறிய காலம் அல்ல.

குருதியின் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் உண்டாகிறது. அது நீரில் எளிதில் கரையாது. கல்லீரல் அதனை மாற்றியமைத்த பின்னரே பித்தநீர் வழியாக வெளியேறும். பிறந்த குழந்தையின் கல்லீரலோ அப்பணிக்கு இன்னும் முதிராதது. எனவே, பல குழந்தைகளுக்குப் பிறந்த சில நாள்களில் மஞ்சள் தோன்றி, தானாகவே மறைகிறது. நிறமி அளவுகடந்து மிகுந்தாலோ மூளையில் படிந்து, செவித்திறனைக் கெடுக்கும், தசைகளின் இயக்கத்தைக் குலைக்கும், உயிரையும் பறிக்கும். முன்னாளில் இதற்குக் குழந்தையின் குருதியைச் சிறிது சிறிதாக எடுத்து வேறு குருதியைச் செலுத்துவதே முதன்மையான வழியாக இருந்தது. ஏறத்தாழ 460 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல ஒளி, தோலில் உள்ள பிலிருபின் மூலக்கூற்றின் வடிவத்தை மாற்றுகிறது. மாறிய வடிவம் நீரில் கரையும். கல்லீரலின் உதவிக்குக் காத்திராமல் பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறும். நீல விளக்கின்கீழ், கண்கள் மறைக்கப்பட்டுக் கிடத்தப்பட்ட குழந்தையைக் காணும் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆனால், அவ்விளக்கு பயன்படுத்துவது புற ஊதாக் கதிரை அன்று, கட்புலனாகும் ஒளியையே.

மஞ்சள் கண்ட குழந்தைக்கு இளவெயில் காட்டும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. அதன் அடிப்படை தவறன்று. அதனை நம்பி மருத்துவமனைக்குச் செல்லாதிருப்பதே தவறு. வெயிலில் எவ்வளவு ஒளி எவ்வளவு நேரம் பட்டது என்பதை அளக்க இயலாது. ஆடையின்றிக் கிடத்தினால் உடல் குளிர்ந்துவிடக்கூடும், வெயில் ஏறினால் மென்தோல் கன்றிவிடும். மின்வசதி நிலையற்ற நைஜீரியாவில், புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கும் படலத்தாலான கூடாரத்தின்கீழ்க் குழந்தைகளை வைத்து, சூரிய ஒளியாலேயே சிகிச்சை அளித்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அங்கும் செவிலியரின் கண்காணிப்பும் குருதி ஆய்வும் இருந்தன.

ஒளியை மருத்துவத்திற்குள் முதலில் முறைப்படி கொண்டுவந்தவர் டென்மார்க்கைச் சார்ந்த நீல்ஸ் ஃபின்சன். தோலைச் சிதைக்கும் காசநோயைக் கார்பன் வில்விளக்கின் ஒளியால் குணப்படுத்தியமைக்காக 1903ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். மறு ஆண்டே, 43ஆம் வயதில் மறைந்தார்.

அவருக்கும் நெடுங்காலம் முன்னரே, வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைப் பயன்படுத்தி வெயிலில் நிற்கச் செய்யும் முறை நம் நாட்டில் இருந்தது. நாட்டுமருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கும் அவ்விதையில் சோரலென் என்னும் பொருள் உள்ளது. அது தோலை ஒளிக்குக் கூர்மையாக எதிர்வினை புரியச் செய்வது. 1970களில் அமெரிக்க மருத்துவர்கள் சோரலெனையும் நீண்ட அலைப் புற ஊதாக் கதிரையும் இணைத்துச் சோரியாசிஸ் நோய்க்குச் சிகிச்சை அளித்தனர். அளவு தவறினால் இம்முறை தோலைக் கொப்புளிக்கச் செய்யும். ஆதலின் தாமாகவே முயல்வது தீங்காகும்.

ஒவ்வாமைக்கும் ஒளி உதவுமா? ஒவ்வாமை என்பது, தீங்கற்ற பொருளைப் பகையெனக் கருதி உடலின் காப்பணுக்கள் பொங்கி எழும் நிலை. புற ஊதாக் கதிர் தோலில் உள்ள அவ்வணுக்களின் வேகத்தைத் தணிக்கிறது. எனவே, களிம்புகளுக்கு அடங்காத தோலழற்சி உடையோருக்கு, 311 நானோமீட்டர் அலைநீள விளக்கின் ஒளி வாரத்தில் இருமுறையோ மும்முறையோ சில நிமிடங்கள் செலுத்தப்படுகிறது. மூக்கினுள்ளும் இதனைச் செய்து பார்த்தவர்கள் உளர். அங்கேரியின் செகெட் நகரப் பல்கலைக்கழக மருத்துவர்கள், ராக்வீட் என்னும் களைச்செடியின் மகரந்தத்தால் தும்மலும் மூக்கொழுக்கும் கொண்டோருக்கு, புற ஊதாக் கதிரும் கட்புலனாகும் ஒளியும் கலந்த கற்றையை மூக்கினுள் மூன்று வாரங்கள் செலுத்தி, துன்பம் குறைந்ததை 2005இல் அறிவித்தனர். எனினும், ஆய்வுக்கு உட்பட்டோர் சிலரே. 'ஒவ்வாமையை ஒழிக்கும் ஒளி' என்று விளம்பரப்படுத்தி வீட்டுப் பயன்பாட்டிற்கு விற்கப்படும் சிறு செவ்வொளிக் கருவிகளை இதனோடு ஒன்றாக எண்ணுதல் கூடாது. அவற்றின் ஒளியும் வேறு, அளவும் வேறு.

எல்லா ஒவ்வாமைக்கும் வெயில் நன்மை செய்வதும் இல்லை. ராக்வீட்டின் குடும்பத்தைச் சார்ந்த பார்த்தீனியம் நம் சாலையோரங்களில் மண்டிக் கிடக்கிறது. அதனால் தோலழற்சி கண்டவர்களுள் சிலருக்கு, வெயில் பட்டால் அரிப்பு மேலும் மிகுகிறது. அவர்களுக்கு மருத்துவர் முதலில் கூறுவது நிழலில் இருக்கவும் முழுக்கை ஆடை அணியவுமே.