நேச உடன்படிக்கையும் பாகூர்ப் போர்க்களமும்

நாடுகளின் நேச உடன்படிக்கைகளைப்பற்றி வல்லுநர் எழுதுவனவற்றில் படைபலக் கணக்கே மேலோங்கி நிற்கக் காண்கிறோம். அதற்கு விலை கொடுப்போர் யாவர் என்னும் வினா அரிதாகவே எழுகிறது. தவளக்குப்பத்தை அடுத்த பாகூர்ப் பகுதியின் வரலாறு இங்கே நமக்கு உதவும்.

1748ஆம் ஆண்டில் பிரான்சும் இங்கிலாந்தும் ஐரோப்பாவிலே சமாதானம் செய்துகொண்டன. இங்கேயோ போர் ஓயவில்லை. கர்நாடக நவாபு பதவியை நாடிய சந்தா சாகிபைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே ஆதரித்தார். முகமது அலியை ஆங்கிலேயர் ஆதரித்தனர். பிறருக்குத் துணைநிற்போர் என்ற பெயரிலேயே இரு கம்பெனியாரும் பொருதனர். இக்காலத்தார் ‘பதிலிப் போர்’ என்பது இதுவே. 1749இல் ஆம்பூரில் வெற்றி கிட்டியபின், உதவிக்குக் கைம்மாறாக வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் பிரெஞ்சுக்காரருக்கு வழங்கப்பட்டன. உழுதவர் உழுதவராகவே இருந்தனர். வரி வாங்குவோர்தாம் மாறினர்.

1752இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். எனினும் அதே ஆண்டில், அவர் இறந்தபின்னரே, லாரன்சின் படை பாகூரில் பிரெஞ்சுப் படையை முறியடித்தது. எவருக்குத் துணையாகப் போர் மூண்டதோ அவரே இல்லாதபோதும் அது நீடித்ததை நாம் கவனிக்கவேண்டும்.

டூப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கம் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பை நம் மாணவர் வாசிப்பது நலம். அரசியலோடு வாணிகச் செய்தியும் ஊர் வதந்தியும் அதில் கலந்தே வருகின்றன. இன்றைய வல்லுநர் பலர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. டூப்ளே 1754இல் திருப்பியழைக்கப்பட்டார். கைம்மாறாகப் பெற்ற ஊர்களோ, இடையிடையே ஆங்கிலேயர் கைக்கு மாறினாலும், 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன.