மஞ்சள் காய்ச்சலும் மஞ்சள் அட்டையும்

அயல்நாட்டுப் பயணம் என்றதும் நம் இல்லங்களில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பற்றியே பேச்சு நிகழ்கிறது. பெட்டியில் ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் இடம் தேடுகிறோம். தடுப்பூசியின் நினைவோ கடைசி வாரத்தில்தான் வருகிறது. ஆப்பிரிக்கா செல்வோர்க்கு அந்த ஒரு வாரம் போதாது.

மறைப்பணிக்காகக் கன்னியரும், பிழைப்பை நாடி இளைஞரும் இன்று கானா, நைஜீரியா, உகாண்டா போன்ற நாடுகளுக்குச் செல்கின்றனர். அங்கெல்லாம் மஞ்சள் காய்ச்சல் என்னும் கொடிய நோய் உண்டு. "மஞ்சள் காமாலைதானே, கீழாநெல்லி போதாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். காமாலை என்பது பல நோய்களில் தோன்றும் ஓர் அறிகுறி. மஞ்சள் காய்ச்சலோ கொசுவினால் பரவும் தனி நோய். காய்ச்சலும் முதுகுவலியும் வாந்தியுமாகத் தொடங்கிப் பெரும்பாலோர்க்குச் சில நாட்களில் தணிந்துவிடும். சிலருக்கு மட்டும் மீண்டும் மூண்டு, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கண்கள் மஞ்சளாகும், வாயிலும் மூக்கிலும் இரத்தம் கசியும். இந்நிலையை அடைந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைப்பதில்லை. நோயை ஒழிக்கவல்ல மருந்தும் இல்லை.

தடுக்கும் வழி உண்டு என்பதே ஆறுதல். மாக்ஸ் தைலர் என்னும் அறிஞர் 1937-ஆம் ஆண்டில் உருவாக்கிய தடுப்பூசிக்காக அவருக்கு 1951-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இன்றும் அதன் வழிவந்த ஊசியே போடப்படுகிறது. பெரும்பாலோர்க்கு ஒரே ஊசி ஆயுள் முழுவதும் போதும். 2016 ஜூலை முதல் சான்றிதழும் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பின்னரே அது செல்லுபடியாகும். சனிக்கிழமை ஊசி, திங்கட்கிழமை விமானம் என்றால் நடவாது. எல்லா மருத்துவமனைகளிலும் இதைப் போடுவதில்லை. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் போன்ற அரசு அங்கீகாரம் பெற்ற மையங்களையே நாட வேண்டும்.

ஊசியின்றியே முத்திரை வாங்கித் தருவதாகக் கூறும் தரகர் எவரேனும் வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த மஞ்சள் அட்டை பயணியை மட்டும் காப்பதன்று. நம் தண்ணீர்த் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் பெருகி டெங்குவைப் பரப்புகின்ற அதே கொசு, மஞ்சள் காய்ச்சலையும் பரப்ப வல்லது. நோய் இந்தியாவில் இதுவரை வேரூன்றவில்லை. கொசுவோ ஊர்தோறும் உண்டு. நோயுற்ற ஒருவர் வந்திறங்கினால் என்னாகும்? இதனாலேயே, அந்நாடுகளிலிருந்து சான்றிதழின்றி வருவோரை ஆறு நாட்கள் வரை நம் அரசு தனிமைப்படுத்துகிறது.

இவ்வூசி எல்லார்க்கும் ஏற்றதன்று. ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகள், கருவுற்ற தாய்மார், முட்டை கடுமையாக ஒவ்வாதோர், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோர் மருத்துவரிடம் அனைத்தையும் சொல்லியாக வேண்டும். பேரப்பிள்ளையைக் காணப் புறப்படும் அறுபது வயது கடந்த பெரியோர்க்கும் இது பொருந்தும். முதல் ஊசியால் நேரும் கடுமையான பின்விளைவுகள் அரியவை எனினும் அவ்வயதில் சற்று மிகுதி. டிக்கெட் பணம் வீணாகுமே என்று நோயை மறைப்பது பேதைமை.

இவ்வூசி மலேரியாவைத் தடுக்காது. ஆப்பிரிக்காவில் மிகுந்துள்ள மலேரியா வகை உயிரைப் பறிக்க வல்லது. அதற்கான மாத்திரையைப் புறப்படுமுன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் மருத்துவர் சொன்ன நாள்வரை உண்ண வேண்டும். இரவில் கொசுவலையும் தேவை. விடுமுறைக்கு வந்த பிள்ளைக்குச் சில மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால், கஷாயம் வைத்துக் காத்திராமல் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்பதை மருத்துவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.