காகிதவழி நோயறி சோதனைகளும் நெகிழி நீக்கமும்

திறவுச்சொற்கள்: காகிதச் சோதனை, நுண்புழைமை, செல்லுலோஸ், நெகிழிக் கழிவு

முன்னுரை

விரைவுச் சோதனைக் கருவி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், நோயைக் கண்டறியும் பகுதி சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை மட்டுமே என்பது தெரியவரும். எடையில் பெரும்பங்கு அதனைச் சூழ்ந்துள்ள நெகிழிக் கூட்டுக்கு உரியது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் நாடுகளுக்கு அனுப்பப்பட்ட 14 கோடிக்கும் மேற்பட்ட சோதனைக் கருவிகள் 2,600 டன் தொற்றற்ற கழிவை, பெரும்பாலும் நெகிழியை, உண்டாக்கக்கூடியவை என உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. அக்கூட்டை நீக்குவது எளிதன்று. அதற்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

காகிதத்தின் பணி

காகிதத்தில் நோயறிதல் புதிய கருத்தன்று. சிறுநீரிலுள்ள குளுக்கோஸைக் காட்டும் பட்டை 1956இலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 2007இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர், தாளினுள் நீர் ஒட்டாச் சுவர்களை அமைத்து, சிறுநீரைத் தனித்தனித் தடங்களில் செலுத்தி, குளுக்கோஸையும் புரதத்தையும் ஒரே துண்டில் கண்டறிந்தனர். பின்னர் மெழுகை அச்சிட்டுச் சூடாக்கும் எளிய முறை வந்தது. உருகிய மெழுகு தாளின் தடிமன் முழுவதும் இறங்கிச் சுவராகிறது.

நீர்மத்தை இழுத்துச் செல்வது இழைகளுக்கிடையேயான நுண்புழை ஈர்ப்பே, எக்கி தேவையில்லை. ஆயினும் நீர்மம் கடக்கும் தொலைவு காலத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமைவதால், இருமடங்கு தொலைவுக்கு நான்கு மடங்கு காலம் ஆகும். தாளை மடித்து, நீளவாக்கில் அன்றித் தடிமன்வழியே நீர்மத்தைச் செலுத்தும் வடிவமைப்புகளின் பயன் இதனால் விளங்கும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் மடிப்புக் காகிதத்தால் இரத்த மாதிரியைத் தயாரித்து, மலேரியாவின் மரபணுவைக் கண்டறியும் சோதனையை உகாண்டாவில் நடத்தினர். 2019இல் வெளியான முடிவுகளின்படி, தொற்றுடையோரில் 98 விழுக்காட்டினரை அது கண்டறிந்தது. நுண்ணோக்கி 86, வழக்கமான விரைவுச் சோதனை 83 விழுக்காட்டினரை மட்டுமே கண்டறிந்தன.

கூட்டின் பணி

நெகிழிக் கூடு வெறும் உறையன்று. மாதிரித் தாள், வண்ணத் துகள் தாள், சோதனைச் சவ்வு, உறிஞ்சுதாள் ஆகியன ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களை அது சீராக அழுத்துகிறது. அழுத்தம் குறைந்தால் பாய்வு தடைப்படும். மிகுந்தால் நுண்துளைகள் நசுங்கும். அட்டைக் கூடு ஈரக்காற்றில் உப்புவதால் இவ்வழுத்தம் மாறக்கூடும். அதைத் தடுக்க அட்டைமேல் பாலிஎத்திலீன் பூசுவது, நீக்கிய நெகிழியை மறுவாயிலில் அழைத்து வருவதாகும்.

சோதனைச் சவ்வும் இயல்பான காகிதமன்று. அது நைட்ரோசெல்லுலோஸ்; எதிர்ப்பொருள்கள் அதில் தாமாகவே உறுதியாக ஒட்டும். சாதாரண செல்லுலோஸ் தாளில் அவற்றை நிலைநிறுத்தப் பெரும்பாலும் தனி வேதிவினை வேண்டும். சவ்வின் அடித்தகடு பாலிஸ்டைரீன், பி.வி.சி. போன்ற நெகிழிகளால் ஆனது. எனவே ‘காகிதச் சோதனை’ என்னும் பெயரைக் கண்டதும் நெகிழியற்றது எனக் கொள்ளலாகாது. ஈரம் புகாப் பொதியுறையையும் மாதிரி எடுக்கும் குச்சியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மக்கும் தன்மையைக் காகிதத்தின் தலையாய நன்மையாகக் கூறுவதும் ஆராயத்தக்கது. இரத்தம் தோய்ந்த சோதனைத் துண்டு எரியுலைக்குச் செல்லுமாயின், மக்குவதற்கு வாய்ப்பே இல்லை. அங்கே கிடைக்கும் நன்மை வேறு: புதைபடிவ மூலப்பொருள் குறைகிறது, பி.வி.சி. தவிர்க்கப்பட்டால் எரிபுகையில் ஹைட்ரஜன் குளோரைடும் குறைகிறது.

நோயறி சோதனைகளுக்கான பழைய அளவுகோல்களை விரித்து 2019இல் முன்மொழியப்பட்ட பட்டியலில் சுற்றுச்சூழலுக்கு இசைவும் இடம்பெற்றது. நுண்ணுணர்வும் அதே பட்டியலில்தான் உள்ளது. தொற்று குறைவாக உள்ள மாதிரியில் கோடு மங்கலாகவே தோன்றும். அட்டைக் கூட்டால் அக்கோடு மறையுமாயின், நோயாளி நோயற்றவராகத் திருப்பி அனுப்பப்படுவார். ஆகவே, ஒரே பட்டையை இருவகைக் கூட்டிலும் இட்டு, ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த சூழலில் காலாவதி நாள்வரை சேமித்து, மங்கலான கோட்டின் நிலையை ஒப்பிட்ட பின்னரே கூட்டை மாற்றுதல் தகும்.